கங்காணியார் குந்தியிருந்த இடம்

1.

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கண்டி வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் மேல் ஆணை. அவர் எந்நேரமும் லொறிக்காரரைக் காப்பாற்றும் அலுவலில் இருப்பதால் என் சத்தியத்தைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று யாராவது சந்தேகப்பட்டால், வற்றாப்பளை அம்மன் மேலும் ஆணை. பொய்ச் சத்தியம் செய்தவனுக்குக் கண் போகும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

கதை எனக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஓமந்தையில் ஒரு தேத்தண்ணிக் கடை. நான் ஏறவேண்டிய பஸ் பழுதாகி நின்ற ஒரு பின்னேரம், வீரகத்தி என்பவர் என் எதிரில் வந்து இருந்தார். முன்பு நெடுமருதங்குளத்தில் கூலிவேலை செய்தவராம். ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குளக்கட்டில், குளத்தின் கரையில், விரல் பருமனில் ஓர் ஓட்டை இருந்தது என்றார். இரண்டாவது தேத்தண்ணிக்கு ஓட்டை கை நுழையும் அளவுக்கு வந்தது. மூன்றாவதோடு வடையும் வாங்கியிருந்தால் ஆளே நுழைந்திருப்பார். அதற்குள் பஸ்ஸைத் திருத்திவிட்டார்கள். ஆகவே இந்தக் கதையில் ஓட்டை கை அளவுதான். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் அல்ல.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“1959 ஆம் ஆண்டு மாரிக்கு முந்திய ஒரு விடியலில், நெடுமருதங்குளத்தின் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடு போல—”

விட்டுவிட்டேன். வெள்ளித் தகட்டுக்குள் முதலை கிடக்காது. இந்தக் குளத்தில் கிடந்தது.

அடுத்தது: “பிறரை வழிநடத்தும் பண்பு என்பது யாதெனில்—”

இதைப் பரிசளிப்பு விழாவில் பேசலாம். கேட்பவர்களுக்குக் கடைசியில் சோடாவாவது கொடுப்பார்கள். உங்களுக்கு என்னால் கொடுக்க முடியாது.

மூன்றாவது: “சிற்றம்பலம் ஓர் ஓட்டையின் மேல் குந்தியிருந்தார்.”

இது நிற்கட்டும்.

3.

சிற்றம்பலம் குளத்து வேலைக்காரருக்குக் கங்காணி. குளக்கட்டில் புல் வெட்டுவது, மழை அரித்த இடத்துக்கு மண் அணைப்பது, துருசு என்னும் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது, இவை அந்த ஆட்களின் வேலை. அவர்களை மேய்ப்பது இவர் வேலை. இவருக்கு மேலே மேற்பார்வைக்கு ஓவசியர். ஓவசியருக்கு மேலே ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். அங்கே கதிரைகளில் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கட்டுக்குக் கீழே காடு வெட்டிக் குடியேற்றக் கொலனி வந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கின. சிற்றம்பலமும் ஒரு துண்டு வயற்காணி கேட்டிருந்தார். ஓவசியர் கந்தோருக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் கிடைக்கும், சொல்லாவிட்டால் கிடைக்காது. அவருடைய மனைவி அன்னபாக்கியம் அந்த நல்ல வார்த்தைக்குக் காத்திராமல், கிணறு எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே என்று தடி நட்டு வைத்துவிட்டார். இன்னும் வாங்காத பசுவுக்கு லட்சுமி என்று பெயரும் வைத்தாயிற்று. வேலையாட்கள் தங்கும் வாடியில் கறி உறைப்பாகிப்போனால், “லட்சுமி கறந்தால் கொஞ்சம் பால் விட்டிருக்கலாம்” என்பார்.

அந்தத் துண்டு குளக்கட்டுக்கு நேர் கீழே, துருசடியில் இருந்தது. ஓட்டையும் துருசடியில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மிச்சக் கதை தானாக நடக்கும்.

4.

மயில்வாகனம் ஓவசியர் ஒரு கொடிய—

[‘கொடிய’ என்பது பாம்புக்குச் சரி. திருத்துகிறேன்.]

மயில்வாகனம் ஓவசியர் கூலியாட்களோடு நேரே கதைப்பதில்லை. ஆள் பக்கத்தில் நின்றாலும் கங்காணிக்கூடாகத்தான் ஏச்சுப் போகும்.

“சிற்றம்பலம், உமக்குப் பக்கத்தில நிக்கிறவர் புல்லு வெட்டுறாரோ, புல்லுக்குச் சீப்பால தலை இழுத்து விடுறாரோ எண்டு கேளும்.”

சிற்றம்பலம் திரும்பி, “வீரகத்தி, நீ புல்லு வெட்டுறியோ, தலை இழுத்து விடுறியோ எண்டு ஐயா கேக்கிறார்” என்பார்.

“வெட்டுறன் எண்டு சொல்லுங்கோ அண்ணை.”

“வெட்டுறாராம் ஐயா.”

“கழுதை எண்டு சொல்லும்.”

“தம்பி, ஐயா உன்னைக் கழுதையாம்.”

இப்படி அந்த வாடியின் ஏச்சு முழுவதும் சிற்றம்பலத்தின் வாயால் போய்வந்தது. குழாய்க்குள் தண்ணீர் ஓடினால் குழாயும் நனையும். அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று. அவருக்கு மட்டுமல்ல. ஓவசியர் லீவில் போகிற கிழமைகளில் வாடியில் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருப்பார்கள். அவருடைய சைக்கிள் மணி மறுபடி கேட்டதும் ஒரே நேரத்தில் எல்லாச் சாரங்களும் இடுப்பை விட்டு நழுவும். இதைப் பார்க்கவென்றே கொலனிப் பெடியள் சைக்கிளுக்கு முன்னால் ஓடிவருவார்கள் என்று வீரகத்தி சொன்னார்.

ஆனால் ஏச்சல்ல விசயம். விசயம் பலகை.

குளக்கட்டில் ஓட்டை ஒன்றை யார் முதலில் வந்து சொன்னாலும், அந்த ஓட்டைக்கு அவருடைய பெயரைத்தான் மயில்வாகனம் வைப்பார். தார் பூசிய பலகையில் பெயரை எழுதி அந்த இடத்தில் நடுவார். அடைத்து முடியும்வரை அது அந்த ஆளின் ஓட்டை. வேறு யாரும் மண் கொடுத்து உதவக் கூடாது. “கண்டவன் காக்கட்டும்” என்பது அவர் சட்டம். வீரகத்தி புதிதாக வந்தபோது, விசுவாசத்தைக் காட்டுகிற ஆசையில் ஒரு நண்டுப் பொந்தைப் போய்ச் சொல்லிவிட்டார். ‘வீரகத்தி ஓட்டை’ என்ற பலகை வண்டில் பாதையைப் பார்த்தபடி நின்றது. அவருக்குக் கலியாணம் பேசி முள்ளியவளையிலிருந்து வந்தவர்கள் வண்டிலை விட்டு இறங்காமலே பலகையை வாசித்துவிட்டு மாட்டைத் திருப்பினார்கள்.

அதற்குப் பிறகு நெடுமருதங்குளத்தில் ஓட்டையே இல்லை. வன்னியிலேயே ஒழுகாத கட்டு அதுதான் என்று கந்தோரில் மயில்வாகனத்துக்குக் கைகொடுத்தார்கள்.

5.

எழுதினதை என் கூட்டாளி ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். “உந்த மயில்வாகனத்துக்கு ஒரு நல்ல குணமும் இல்லையோ? ஆரும் நம்பமாட்டினம்” என்றார். யோசித்தேன். அவர் சைக்கிளுக்குத் தினமும் எண்ணெய் விடுவார். அதைச் சொன்னேன். காணாது, போதாது என்றார்.

அப்போதுதான் வீரகத்தி போகிற போக்கில் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு முறை வீரகத்திக்குக் காய்ச்சல் வந்து வாய் உளறத் தொடங்கியது. வண்டில் கிடைக்கவில்லை. மயில்வாகனம் அவரைச் சைக்கிள் பாரில் இருத்தி, தன் சால்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டி, வவுனியா ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்தார். வழி முழுக்க ஏசிக்கொண்டே மிதித்தார். காய்ச்சல் பிடிக்கக் கூடிய மூதேவி, வேலைநாளில் பிடிக்கக் கூடிய மூதேவி, பாரமான மூதேவி. கங்காணி கூட வராதபடியால் அன்றைக்குத்தான் நேரடியாக ஏச்சுக் கிடைத்தது.

“அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டு போனபடியாத்தான் தம்பி நித்திரையாகாமல் கிடந்தனான். நித்திரையாகியிருந்தா அதோட சரி” என்று வீரகத்தி சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. கடைக்காரர் விறகு மூட்டின புகையாகவும் இருக்கலாம்.

பழைய வேலையாட்கள் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சந்தித்தால் மயில்வாகனத்தைப் பற்றித்தான் கதைப்பார்களாம். அவர் மாதிரி நடந்து காட்டுவார்களாம், ஏசிக் காட்டுவார்களாம், வயிறு நோகச் சிரிப்பார்களாம். பிறகு ஒருவர் குளக்கட்டில் விடியப்புறம் அடிக்கும் நீர்ப்பாசி மணத்தைச் சொல்ல, இன்னொருவர் துருசு திறக்கும்போது காலுக்குக் கீழே மண் அதிர்வதைச் சொல்ல, எல்லாரும் ஒருவருக்கொருவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளிவிடுவார்களாம். அவர்களை வருத்திய மனிதனும் அவர்களுடைய இளமையும் ஒரே சைக்கிளில் வந்து போயின. இரண்டையும் பிரித்து இறக்க அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆகவே அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

6.

பலகைக்குப் பயந்த காலத்தில்தான் சிற்றம்பலம் துருசடியில் கசிவைக் கண்டார்.

சொன்னால் ‘சிற்றம்பலம் ஓட்டை’. தன் பெயர் எழுதிய ஓட்டை வைத்திருக்கிற கங்காணிக்குக் காணி கிடையாது. ஆகவே களிமண் உருட்டி அடைத்தார். காலால் மிதித்தார். எழும்பிப் பார்த்தால் மறுபடி ஈரம். கடைசியில் அதன்மேல் குந்தினார். நின்றுவிட்டது.

அன்றிலிருந்து மத்தியானச் சோறு அவருக்கு அந்த இடத்தில்தான். மண் அவருக்கு ஏற்றபடி குழிந்து கொடுத்தது. சாரம் மட்டும் எப்போதும் பின்பக்கம் ஈரம்.

(இரவில் ஓட்டையை யார் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த நேரம் பார்த்து பஸ் கோர்ன் அடித்துவிட்டது.)

“அண்ணை, மூலமோ?” என்று ஒருநாள் வீரகத்தி கேட்டார். “ஈரமண் நல்லதாம். ஆனா அதோட கருணைக்கிழங்கும் சாப்பிடோணும்.”

“போய் உன்ர வேலையைப் பார்.”

“இல்லை, கண்டனான், எழும்பேக்கை முகம் சுழிக்கிறியள்.”

சிற்றம்பலம் மறுக்கவில்லை. மூலத்துக்கு யாரும் பலகை நடுவதில்லை.

7.

இரண்டு மாரி போனது. மயில்வாகனத்துக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய இடத்துக்கு மரியநேசன் வந்தார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர், கடற்றொழிலாளி ஒருவரின் மகன், மெல்லிய குரல்.

வந்த மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டார். நிலத்தைக் காட்டி “இருங்கோ” என்றார். ஓவசியருக்கு முன்னால் இருந்து பழக்கமில்லாத ஆட்கள், இருந்தால் குற்றமோ இராவிட்டால் குற்றமோ என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள். முழங்கால் மடித்து, கதிரை இல்லாத கதிரையில் இருப்பது போல. கூட்டம் முடியும்வரை அப்படியே.

“நேற்று நான் துருசைத் திறக்கிற திறப்பை வாய்க்காலுக்க விழுத்திப் போட்டன். என்ர பிழை. உங்களில நீந்தக் கூடியவை இருந்தா உதவி செய்யுங்கோ.”

வீரகத்தி சிற்றம்பலத்தின் காதில், “அண்ணை, இது பொறி. வாயைத் திறவாதையுங்கோ” என்றார்.

“எங்கட அப்பற்ற வள்ளத்தில ஒரு வழக்கம்,” என்று மரியநேசன் தொடர்ந்தார். “மேகம் கறுக்கிறதை முதல் கண்டவன் முதல் சொல்லோணும். சொன்னவனுக்கு ஒரு துண்டு பனங்கட்டி. அவன் பயத்தில பேசாமல் இருந்தா எல்லாரும் தாழுவம். இஞ்சையும் அப்பிடித்தான். காலமை தேத்தண்ணிக்கு முதல், கூடாத செய்தி ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ.”

நாட்கணக்காக ஒருவரும் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு வயிற்றோட்டம் பிடித்தது. ஏசாத ஓவசியர் எப்போது ஏசுவார் என்று காத்திருப்பது, ஏசுகிறவரோடு இருப்பதை விடக் கடுமையாக இருந்தது. “உந்த மனிசன் ஒருக்கா ஏசினால் நிம்மதியாச் சாப்பிடலாம்” என்று சிற்றம்பலமே வீட்டில் சொன்னார்.

வெறுந்தேத்தண்ணி குடித்து அலுத்துப்போய், முதலில் உடைந்தவர் வீரகத்தி. மண்வெட்டிப் பிடி ஒன்று தன்னால் முறிந்தது என்று சொன்னார். மரியநேசன் நன்றி சொல்லிப் பனங்கட்டி கொடுத்தார். வீரகத்தி அதை முகர்ந்து பார்த்தார். நக்கிப் பார்த்தார். பொறி இல்லை, பனங்கட்டிதான்.

மறுநாள் எல்லோரிடமும் கூடாத செய்தி இருந்தது.

மண்வெட்டிப் பிடிகள் தீர்ந்ததும் ஓட்டைகள் தொடங்கின. இந்த மருதமரத்தடியில் ஓட்டை, அந்த வளைவில் ஓட்டை. மரியநேசன் ஒவ்வொன்றுக்கும் நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். ஈரமே இராது. “இல்லாததும் நல்லதுதான்” என்று திரும்பினார். ஆட்கள் கன்னம் பருத்து, நித்திரை நன்றாகக் கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு புல் வெட்டினார்கள். கந்தோரில் இருந்து பார்த்தால் அது குளமல்ல, ஓட்டை ஓட்டையான அரிதட்டு. ஐப்பசியில் மரியநேசனுக்குக் கால் சோர்ந்துவிட்டது. ஓட்டை என்றதும் சிரித்துக்கொண்டு பனங்கட்டியைக் கொடுப்பார், எழும்பிப் போவதில்லை.

பயத்தில், இருந்ததை இல்லை என்றார்கள். பனங்கட்டி ஆசையில், இல்லாததை இருக்கிறது என்றார்கள். குளம் மட்டும் இரண்டு பேருடைய காலத்திலும் ஒரே மாதிரிக் கசிந்தது.

(இந்த மூன்று வசனத்தையும் எழுதிவிட்டு எழும்பி ஒரு சுருட்டுப் பற்றினேன். நன்றாக வந்துவிட்டது என்று எனக்கே பட்டது. அப்படிப் பட்டால் வழக்கமாக வெட்டிவிடுவேன். இம்முறை விட்டுவைக்கிறேன்.)

8.

மாரி பிடித்தது.

நீர் ஏற ஏற, சிற்றம்பலத்தின் இருக்கைக்குக் கீழே மண் குளிர்ந்துகொண்டு போவது அவருக்குத் தெரிந்தது. ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு இருந்தவரைத் தண்ணீர் ஒரு விரற்கடை உயர்த்தியது. மெதுவாக, மரியாதையாக, எழும்புங்கோ என்பது போல.

பின்னேரம் குசினி வாசலில் சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றார். அன்னபாக்கியம் பிழிந்த தண்ணீரைப் பார்த்தார். சேறாக இருந்தது. இதுவரை அது தெளிந்த தண்ணீராகத்தான் இருந்தது.

“இஞ்சருங்கோ, மண் கரையுது போல கிடக்கு.”

“ம்.”

“உங்களுக்கு மூலம் இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? ரெண்டு வருசமா இந்தச் சாரத்தைத் தோய்க்கிறது நான்.”

அவர் சாரத்தை மறுபடி பிழிந்தார்.

“போய்ச் சொல்லுங்கோ.”

“சொன்னா, இவ்வளவு நாளும் ஏன் மறைச்சனி எண்டு கேப்பார். காணி போச்சு. வேலையும் போகும்.”

“சொல்லாட்டிக் கட்டுப் போகும். முதல்ல போறது எங்கட துண்டுதான். பேந்து கீழ இருக்கிற குஞ்சு குருமான் எல்லாம்.” சாரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினார். “லட்சுமியை எங்கை கட்டுவன் எண்டு நினைச்சியள்? துருசுக்கு மேலயோ?”

“புது ஓவசியர் நல்ல மனிசன் எல்லோ,” என்று மேலும் சொன்னார்.

“நல்ல மனிசன்தான். பொய் ஓட்டைக்கு நல்ல மனிசன். மெய் ஓட்டைக்கு எப்பிடியெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை.”

[இங்கே சிற்றம்பலம் நெடுநேரம் சிந்தித்தார் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். உண்மையில் அவர் சாப்பிட்டார். மயில்வாகனம் வந்த காலத்திலிருந்து பார்த்தால் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அன்னபாக்கியத்துக்கு விளங்கியிருக்கும்.]

9.

காலை, மழை தூறல். தேத்தண்ணிக் கொட்டிலுக்குள் எல்லாரும் நெருங்கி நின்றார்கள். ஒருவர் தன் குடை தொலைந்த செய்தி சொல்லிப் பனங்கட்டி வாங்கினார். வீரகத்தி வளைவில் ஓர் ஓட்டை சொல்லி வாங்கினார்.

“ஐயா,” என்றார் சிற்றம்பலம். “துருசடியில ஓட்டை.”

மரியநேசன் சிரித்தார். கங்காணி ஒருநாளும் செய்தி சொன்னதில்லை. கடைசியில் இவருக்கும் இனிப்பில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கையில் வைத்தார்.

“பாத்தியளே, அண்ணையும் பழகியிட்டார்,” என்றார் வீரகத்தி. கொட்டில் முழுவதும் சிரிப்பு.

சிற்றம்பலம் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, பனங்கட்டியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

சிரிப்பு நின்றது. அந்தப் பெட்டிக்குள் யாரும் எதையும் திரும்ப வைத்துக் கண்டதில்லை.

மரியநேசன் தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். காலுக்குச் சப்பாத்தும் போடவில்லை. கட்டு நெடுக ஓடினார்கள். சிற்றம்பலம் தன் குழிந்த இருக்கையைக் காட்டினார். ஓவசியர் மழையில் முழங்காலில் நின்று ஓட்டைக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போயிற்று.

“எப்ப துவக்கம்?”

“ரெண்டு மாரி ஐயா.”

மரியநேசன் கையை எடுக்காமலே, “சாக்கு” என்றார்.

அன்று முழுக்க மண்சாக்கு அடுக்கினார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. வீரகத்தி மற்றவர்களை விட இரண்டு மடங்கு சுமந்தார். ஒவ்வொரு சாக்கை இறக்கும்போதும், “மூலமாம், மூலம்” என்று சிற்றம்பலத்துக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பின்னேரம் கசிவு அடங்கியது. கட்டு நின்றது.

சிற்றம்பலம் வேலையில் நின்றாரா என்பதுதான் மிச்சம். ஆட்கள் தேத்தண்ணிக்குப் போனபின் மரியநேசன் அவரைத் தனியே கூப்பிட்டார். சேறு பூசிய இரண்டு மனிதர் கட்டின் மேல் எதிரெதிரே நின்றார்கள். ஓவசியர் வாயைத் திறந்தார்.

10.

இங்கே மூன்று முறை எழுதி மூன்று முறையும் வெட்டினேன். வெட்டினதையும் பாருங்கள்.

(அ) “கீழ இருக்கிற சனத்தை ஒருக்காவாவது நினைச்சீரோ? காணிக் கதை இனி எடுக்காதையும்.” மரியாதையான ‘ங்கோ’ போய் ‘நீர்’ வந்துவிட்டது. சிற்றம்பலத்துக்கு அது மயில்வாகனம் காலத்தில் பழகிய சத்தம். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நியாயமான பேச்சுத்தான். ஆனால் நாளைக்குத் தேத்தண்ணிக் கொட்டிலில் மெய்யைச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.

(ஆ) “கங்காணியார், ரெண்டு வருசம் ஈரத்தில இருந்திருக்கிறியள். முதல் போய்ச் சாரத்தை மாத்துங்கோ. காணிக்கு நான் சொல்லுறன்.” எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போயிற்று. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. இரண்டு வருடம் கொலனியையே ஓட்டைக்குக் கீழே படுக்க விட்ட மனிதனுக்கு இவ்வளவு லேசாக—

(இ) ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நடந்தார். வீரகத்தி சொன்ன முடிவு இது. வீரகத்தி அப்போது கொட்டிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்.

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்களும் எங்கேயோ ஒருவருக்குக் கீழே வேலை செய்தவர்தான். கந்தோரோ, பள்ளிக்கூடமோ, கடையோ. உங்களுடைய மேலாள் அந்த மழையில், அந்தக் கட்டில், என்ன சொல்லியிருப்பார்? அதை இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே நாலு பேருக்கு மேலே இருக்கிறவர் என்றால் அவசரப்படாமல் கொஞ்சம் ஆறுதலாக எழுதுங்கள். அன்னபாக்கியம் தான் நட்ட தடிகளுக்கு நடுவில் நின்று, குளக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மரியநேசன் ஓவசியர் சொன்னார்: “....................................”

பிறகு கந்தோரில் விசாரித்தேன். நெடுமருதங்குளத்துக்குக் கட்டுக் கட்டத் தொடங்கியதே 1963 ஆம் ஆண்டு, என் 1959 க்கு நாலு வருடம் பிந்தி.